எங்கள் சுவர், நம் சுவர்

2015 ஜூன் மாதம். சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில், 24ஆம் தெருவும் பிரையன்ட் தெருவும் சந்திக்கும் முனையில் ‘கலேரியா தெ லா ராசா’ என்ற கலைக்கூடம் இருந்தது. அதன் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பெரிய படம் ஏறியது. ஒரு புறம் இரண்டு ஆண்கள் அணைத்தபடி இருக்கிறார்கள். மறுபுறம் இரண்டு பெண்கள். நடுவில் மேலாடையின்றி ஒரு திருநம்பி. மார்பகங்களை அகற்றிய அறுவைசிகிச்சையின் தழும்புகளை அவர் மறைக்கவில்லை. படத்தின் பெயர் ‘போர் வீதா’. ஸ்பானிய மொழியில் ‘ஆயுளுக்கும்’ என்று பொருள். மெக்சிக வழிவந்தோரின் குடியிருப்புகளில் காதலியின் பெயருக்கு அருகிலும் தெருவின் பெயருக்கு அருகிலும் பச்சை குத்திக்கொள்ளும் சொல் அது.

வரைந்தவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மனுவேல் பால். ‘மாரிகோன் கலெக்டிவ்’ என்ற குயர் கலைஞர் குழுவில் ஒருவர். மாரிகோன் என்பது ஆண்களை விரும்பும் ஆண்களை ஸ்பானிய மொழியில் இழிவாகக் குறிக்கும் வசைச்சொல். அந்த வசையையே குழுவின் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

படம் ஏறிய சில நாட்களில் யாரோ அதன் முகங்களின் மீது சாயம் தெளித்தார்கள். மறுபடி புதிதாக ஏற்றினார்கள், மறுபடி தெளித்தார்கள். ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, 29ஆம் தேதி இரவில், படத்துக்குத் தீ வைத்தார்கள்.

இந்தச் செயலுக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்ன காரணம்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். அவர்கள் வெள்ளை இனவாதிகள் அல்லர். அதே பண்பாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு இவர்கள் மீது வெறுப்பு இல்லை, ஆனால் இந்த உடையும் இந்தப் பச்சையும் இந்த எழுத்துப் பாணியும் எங்களுடையவை, அவற்றை இவர்கள் மீது வரைந்தது அவமதிப்பு, எங்கள் தெருவில் எங்களைக் கேட்காமல் எப்படி ஏற்றலாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

தீ வைத்ததைக் கண்டிப்பது எளிது. அதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியின் ஒரு பாதி நியாயமானது. அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர் தானாக விரும்பி நுழைகிறார். தெருச் சுவரோ, பால் வாங்கப் போகிறவரையும் பள்ளிக்குப் போகிற குழந்தையையும் கேட்காமலே எதிரே வந்து நிற்கிறது. அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்கு அதில் ஒரு சொல் இருக்க வேண்டாமா? இருக்க வேண்டும் என்றால், அந்தத் தெருவில் வாழும் குயர் மனிதர்கள் தம் முகத்தைச் சுவரில் காண, மற்றவர்களின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தமிழில் இந்தக் கேள்வியை யோசிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் இரண்டாக வைத்திருக்கிறோம். ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே. ஸ்பானிய மொழியிலும் இந்தப் பிரிவு இல்லை. அங்கே வேறொரு பிரிவு உண்டு: பெண்கள் மட்டும் கூடியிருந்தால் ‘நொசோத்ராஸ்’, கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் வந்து நின்றாலும் அது ‘நொசோத்ரோஸ்’ ஆகிவிடும். நூறு பெண்களின் ‘நாம்’, ஒரு ஆணின் வருகையால் ஆண்பால் ஆகும் இலக்கணம். லத்தீனோ, லத்தீனா என்ற இரண்டிலும் தம்மை அடைக்க மறுத்து ‘லத்தீனெக்ஸ்’ என்ற சொல்லை இளையவர்கள் உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீ வைத்தவர்களின் பக்கம் பேசியவர்கள் ‘எங்கள் சுவர்’ என்றார்கள். அதை ‘நம் சுவர்’ என்று சொல்ல என்ன வேண்டும்? இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டுகள் வேலை செய்த ஒரு பெண்ணின் வாழ்க்கை, மேடைப்பேச்சை விட அதிகமாக இதற்குப் பதில் சொல்கிறது.

ஜூடித் பாக்கா 1946இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். மெக்சிகப் புலம்பெயர் குடும்பம். தந்தை உடன் இல்லை. தாய், பாட்டி, இரண்டு அத்தை சித்திகள் என்று பெண்களே நிறைந்த வீட்டில் முதல் சில ஆண்டுகளைக் கழித்தார். பின்பு தாய் மறுமணம் செய்துகொள்ள, பக்கோய்மா என்ற புறநகருக்குப் போனார்கள். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசத் தடை. ஆங்கிலம் தெரியாத குழந்தையை என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியர் அவரை ஒரு மூலையில் வண்ணங்களோடு உட்கார வைத்தார். மொழி பறிபோன இடத்தில் கைக்கு வந்தது ஓவியம்.

இருபது வயதாகும் முன்பே திருமணம். சில ஆண்டுகளில் விலகல். 1969இல் கல்லூரிப் பட்டம். அந்த நாட்களில் தன் ஓவியங்களைப் பாட்டியிடம் காட்டியபோது, இதெல்லாம் எதற்கு என்று பாட்டி கேட்டதைப் பாக்கா பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாட்டி மூலிகை மருத்துவம் தெரிந்தவர். அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயன் உண்டு. பேத்தியின் நவீன ஓவியங்கள் யாருக்கு என்ன செய்யும் என்பது அவருக்குப் புரியவில்லை. பேத்திக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

வியட்நாம் போரை எதிர்த்ததற்காக ஆசிரியர் வேலை போனது. 1970இல் நகரப் பூங்காத் துறையில் சிறுவர்களுக்கு ஓவியம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. இடம், பாயில் ஹைட்ஸ். தெருவுக்குத் தெரு ஒரு கும்பல். ஒரு தெருப் பையன் அடுத்த தெருவுக்குள் நுழைந்தால் கத்திக்குத்து. சுவர்கள் முழுக்கக் கும்பல்களின் பெயர்கள். அந்த எழுத்துகளைக் காவல்துறை நாசவேலை என்று படித்தது. இது யாருடைய இடம் என்பதைப் பற்றிய எழுத்து இது என்று பாக்கா படித்தார். ஒன்றோடொன்று மோதும் நான்கு கும்பல்களிலிருந்து சுமார் இருபது இளைஞர்களைச் சேர்த்தார். ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடைச் சுவர்களில் அவர்கள் வரைந்தது ஒரு பாட்டியை. பெயர் ‘மி அபுவெலிதா’, அதாவது ‘என் பாட்டி’. இரண்டு கைகளையும் விரித்து, மேடைக்கு வருகிற எவரையும் அணைக்கக் காத்திருக்கிற பாட்டி. வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகளைத் தெருவில் நின்று வேலை செய்ய வீடுகள் அனுப்பவில்லை. எதிரிக் கும்பல் வருகிறதா என்று பார்க்க ஆள் நிறுத்தித்தான் வேலை நடந்தது.

பூங்காவுக்கு வரும் எல்லோருக்கும் உரிய ஒரு முகமாகப் பாட்டியைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. நான்கு கும்பலும் ‘எங்கள்’ என்று சொல்லிச் சண்டை போட்ட இடத்தில், நான்கு வீட்டிலும் இருக்கும் ஒரே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன் பாட்டியின் கேள்விக்கு இது முதல் பதில்.

மெக்சிகச் சுவரோவிய மரபைப் பேசுகிறவர்கள் மூன்று பெரியவர்களைச் சொல்வார்கள்: ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ். மூவரும் ஆண்கள். சிகெய்ரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஓல்வேரா தெருவில் ‘அமெரிக்கா ட்ராபிக்கல்’ வரைந்தார். வெப்பமண்டல அழகைக் கேட்டவர்களுக்கு அவர் தந்தது, அமெரிக்கக் கழுகின் கீழ் சிலுவையில் அறையப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதனை. சில ஆண்டுகளுக்குள் அது முழுவதும் வெள்ளையடிக்கப்பட்டது. மறுபடி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2012இல். பாக்கா 1977இல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் இருந்த சிகெய்ரோஸின் பட்டறையில் போய்ச் சுவரோவியத் தொழில்நுட்பம் கற்றார். ஆனால் ஏணியின் உச்சியில் மேதை, கீழே வண்ணம் கலக்கும் கைகள் என்ற ஏற்பாட்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

1974இல் நகர அளவிலான சுவரோவியத் திட்டம் ஒன்றை அவர் நடத்தத் தொடங்கினார். நகர நிர்வாகத்துக்குப் பிடிக்காத காட்சிகள் வந்தபோது பணத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டலும் வந்தது. அதனால் 1976இல் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், டோனா டீச் ஆகியோருடன் சேர்ந்து ‘ஸ்பார்க்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மூன்று பெண்கள் தொடங்கிய இந்தப் பொதுக்கலை அமைப்பு, வெனிஸ் பகுதியின் பழைய காவல் நிலையக் கட்டிடத்தில் குடியேறியது. சிறையறைகள் இருந்த இடத்தில் ஓவியங்கள். டோனா டீச் பின்னாளில், 1985இல், இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் ‘டெசர்ட் ஹார்ட்ஸ்’ படத்தை இயக்கியவர்.

அதே 1976இல் தொடங்கியதுதான் ‘லாஸ் ஏஞ்சலிஸின் பெருஞ்சுவர்’. சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் துஹுங்கா ஓடை ஒருகாலத்தில் மண்ணில் ஓடியது. வெள்ளத்தைத் தடுக்க அரசுப் பொறியாளர்கள் அதைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றிவிட்டார்கள். அந்த வாய்க்காலின் சுவரில், 13 அடி உயரத்தில், கலிபோர்னியாவின் வரலாற்றை அதன் வெளித்தள்ளப்பட்ட மக்களின் பக்கமிருந்து வரைவது திட்டம். 1976, 1978, 1980, 1981, 1983 என ஐந்து கோடைகள். நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். பலர் சிறார் நீதிமன்றம் வழியாக வந்தவர்கள். முடிந்தபோது நீளம் 2,754 அடி. ஏறத்தாழ அரை மைல். கான்கிரீட் ஆற்றை நிலத்தின் தழும்பு என்றும், அதன் மீதான ஓவியத்தைத் தழும்பின் மீது குத்திய பச்சை என்றும் பாக்கா விளக்குவார். கத்திக்குத்துத் தழும்புகளைப் பச்சையாக மாற்றிக்கொண்ட ஓர் இளைஞனிடமிருந்து அவர் பெற்ற பார்வை அது.

வேலை நடந்த விதம் முக்கியம். தூரிகைக்கு முன் விசாரணை. வரலாற்றாசிரியர்களை அழைத்துப் பேசவைத்தார்கள். சம்பவங்களை நேரில் வாழ்ந்தவர்களைக் கேட்டார்கள். கறுப்பினச் சிறுவர், மெக்சிகச் சிறுவர், வெள்ளையர், ஆசியர் என்று பிரிந்து நின்றவர்கள் ஒரே சட்டகத்தில் வேலை செய்தார்கள். 1930களில் மெக்சிக மக்கள் பெருந்திரளாக நாடுகடத்தப்பட்டது, 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது, 1943இல் கடற்படையினர் தெருக்களில் மெக்சிக இளைஞர்களின் உடைகளைக் கிழித்து அடித்தது என்று பாடப்புத்தகம் விட்டதெல்லாம் சுவரில் ஏறின. போர்க்காலத்தில் ஆலையில் வேலை செய்த பெண்ணை, போர் முடிந்ததும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் உறிஞ்சி இழுக்கும் காட்சி இருக்கிறது. பெண்களின் உழைப்பைப் பற்றிப் பல பக்கங்களில் நாம் எழுதுவதை அந்த ஒரு சட்டகம் சொல்லிவிடுகிறது.

1950களின் பகுதியில் இன்னொரு காட்சி: தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தின் தொடக்கம். 1950இல் லாஸ் ஏஞ்சலிஸில் தோன்றிய ‘மாட்டசீன் சொசைட்டி’, 1955இல் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு பெண் இணையர்கள் சேர்ந்து தொடங்கிய ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலைட்டிஸ்’. மாட்டசீன் என்ற பெயர், முகமூடி அணிந்து ஆடிய பழைய பிரெஞ்சுக் கூத்தர்களிடமிருந்து வந்தது. முகம் காட்டினால் வேலையும் வீடும் போகும் காலத்தின் பெயர்.

இந்தக் காட்சி வரையப்பட்ட ஆண்டைக் கவனிக்க வேண்டும். எய்ட்ஸ் நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981இல் வந்தது. அதில் சொல்லப்பட்ட ஐந்து நோயாளிகளும் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்தவர்கள். அதன் பிறகான நாட்களில் தன்பாலீர்ப்பு ஆண்களைத் தொடவும் அஞ்சினார்கள். அந்தச் சூழலில், பொதுப்பணமும் கலந்த ஒரு திட்டத்தில், பதின்வயதினரின் கைகளால், ஒரு பொதுச்சுவரில் இது வரையப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் இந்தக் காட்சிக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பாக்கா வாக்கெடுப்பு நடத்தவில்லை. விசாரித்தார், விவாதித்தார், விளக்கினார். ஆனால் இவர்கள் வரலாற்றில் இருந்தார்களா இல்லையா என்பதை வாக்குக்கு விடவில்லை.

என் பார்வையில் இங்கேதான் முதல் தெளிவு கிடைக்கிறது. ‘எங்களை எப்படி வரையலாம்’ என்பது உரையாடல். ‘எங்களை வரையலாமா’ என்பது பிச்சை. தெருவில் வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்ற கடமை முதல் கேள்விக்குப் பொருந்தும். இரண்டாவது கேள்வியை எந்தப் பெரும்பான்மையிடமும் கேட்க எவருக்கும் கடமை இல்லை. பெண்களுக்கு இது பழக்கமான வேறுபாடு. வீட்டில் எந்த நேரத்தில் யார் என்ன வேலை செய்வது என்று பேசலாம். நான் வெளியே போகலாமா என்று கேட்கும் நிலையில்தான் அடிமைத்தனம் இருக்கிறது.

ஆனால் இதோடு முடித்துக்கொண்டால் பாக்காவை ஒரு தீர்வாக்கி மாலை போட்டதாகிவிடும். அவர் தன்பாலீர்ப்புப் பெண். இருந்தும் அவருடைய புகழ்பெற்ற சுவர்களில் ‘இதோ நான்’ என்று அவர் நிற்கவில்லை. அரை மைல் நீளத்தில் குயர் மக்களுக்கு ஒரு காட்சி. இது பகிர்வா, ஒளிவா?

அவர் நின்ற இடத்தின் நெருக்கடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970களின் சிக்கானோ இயக்கம், அதாவது மெக்சிக அமெரிக்கர்களின் உரிமை இயக்கம், ஆண்களின் குரலில் பேசியது. குடும்பமும் அதன் தலைவனான ஆணும் அதன் சின்னங்கள். பெண்ணியம் பேசியவளை வெள்ளைக்காரிகளோடு சேர்ந்துவிட்டவள் என்றது. பெண்ணிய இயக்கமோ பெரும்பாலும் வெள்ளையர்களின் அறையாக இருந்தது. அங்கே அவர் தன் தெருவையும் நிறத்தையும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடமும் அவரிடம் ஒரு பாதியை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னது.

1976இல் அவர் செய்த ‘லாஸ் த்ரெஸ் மரியாஸ்’ (மூன்று மரியாக்கள்) என்ற படைப்பில் இதற்கான பதில் இருக்கிறது. ஆளுயர மூன்று பலகைகள். ஒரு பலகையில் 1940களின் ‘பச்சுக்கா’: கொண்டையை உயர்த்தி, புருவத்தை வரைந்து, ஆணைப் போலத் தெருமுனையில் நின்று புகைத்ததற்காக ஊரின் வசையை வாங்கிய பெண். அதற்கு மாதிரியாக வேடமிட்டு நின்றவர் பாக்காவே. இன்னொரு பலகையில் 1970களின் தெருப்பெண். நடுப்பலகையில் ஓவியம் இல்லை, கண்ணாடி. பார்க்க வந்தவர் தன் முகத்தை அந்த இரண்டு ‘கெட்ட’ பெண்களுக்கு நடுவே காண்கிறார். கன்னி மரியாவும் மகதலேனா மரியாவும் என்று பெண்களை இரண்டாக வகுத்த மதத்தின் பெயரை எடுத்து, அந்த வகுப்பைக் கலைத்துவிட்ட வேலை அது. பாக்கா இங்கே ஒளியவில்லை. தான் ஒருபுறம் நின்று, நடுவில் பார்ப்பவளுக்கு இடம் விட்டிருக்கிறார். அவர் ‘நான்’ என்று சொல்லும்போதும் அது ‘நாம்’ ஆகிறது.

இருந்தாலும் இருபது வயதுக் குயர் வாசகி ஒருத்தி கேட்கக்கூடிய கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியாது. ஐந்து கோடைகள், அரை மைல், அதில் ஒரு காட்சி. இந்தப் பொறுமை யாருடைய செலவில்? மெதுவாக, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போவோம் என்று சொல்லும்போது காத்திருக்கும் வேலை எப்போதும் வெளியே நிற்பவளுக்கே விழுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் எதுவும் குறைவதில்லை. ‘போர் வீதா’ அந்தக் காத்திருப்பை மறுத்தது. வரலாற்றின் வரிசையில் ஒரு காட்சியாக நிற்காமல், முழுச் சுவரையும் எடுத்துக்கொண்டது. சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டியது.

அந்தப் படம் வெளியூரிலிருந்து வந்தது, ஒரு கலைக்கூடத்தின் முடிவால் ஏறியது என்பது உண்மை. ஆனால் அதன் கோடுகளை வெளியாள் வரையவில்லை. ‘சோலோ’ என்று அழைக்கப்படும் அந்தத் தெருப்பண்பாட்டின் உடை, பச்சை, எழுத்து எல்லாம் மனுவேல் பால் போன்றவர்கள் வளர்ந்த வீட்டுச் சாமான்கள். அந்தப் பண்பாட்டில் பிறந்த ஆண்களை விரும்பும் ஆண்களும் பெண்களை விரும்பும் பெண்களும் திருநம்பிகளும் அதே இஸ்திரி மடிப்போடு, அதே பாட்டுகளோடுதான் வளர்கிறார்கள். வேண்டுமானால் இரு, ஆனால் எங்கள் உடையில் இருக்காதே என்று சொல்வது அவர்களை அவர்களுடைய வீட்டிலேயே விருந்தாளி ஆக்குவது. பண்பாடு என்பது ஒரு சொத்து என்றால், பங்கு மறுக்கப்பட்ட மகள்களின் கதை நமக்குப் புதிதல்ல.

‘அவர்கள்’ என்ற சொல் எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதைப் பாக்காவின் இன்னொரு படைப்பு காட்டியது. 1993இல் பால்ட்வின் பார்க் ரயில் நிலையத்தில் அவர் ‘தான்சா இந்திஹெனாஸ்’ என்ற வளைவை அமைத்தார். ஊர் மக்களிடம் கேட்டுப் பெற்ற கூற்றுகள் அதில் பொறிக்கப்பட்டன. அவர்கள் வருவதற்கு முன்பு இந்த இடம் நன்றாக இருந்தது என்பது அவற்றில் ஒன்றின் பொருள். 2005இல் குடியேற்றத்தை எதிர்க்கும் குழு ஒன்று, இது வெள்ளையர்களைப் பழிக்கிறது, அகற்று என்று போராடியது. மெக்சிக மக்கள் வந்து குடியேறியதைக் குறித்து உள்ளூர் வெள்ளையர் ஒருவர் சொன்னது அது என்று பாக்கா விளக்கினார். ‘அவர்கள்’ யார் என்று சுவர் சொல்லவில்லை. படித்தவர்கள் தம் அச்சத்தை அதில் நிரப்பிக்கொண்டார்கள். ஊர் மக்கள் திரண்டு வந்து நின்றார்கள், வளைவு அகற்றப்படவில்லை. அவர்கள் பேச்சே அதில் பொறித்திருந்ததால் அதைக் காப்பதும் அவர்கள் வேலையாயிற்று.

மிஷன் பகுதியில் அச்சம் கற்பனையானது அல்ல. லத்தீன் அமெரிக்க வழியினர் பல தலைமுறையாக வாழ்ந்த அந்தத் தெருக்களில், தொழில்நுட்ப நிறுவனங்களின் பணம் வரவர வாடகை ஏறியது. குடும்பங்கள் வெளியேறின. கடைகள் மூடப்பட்டன. தம் தெரு தம் கையை விட்டுப் போகிறது என்று உணர்ந்தவர்களுக்குச் சுவரில் திடீரென்று ஏறும் எதுவும் பறிப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் கோபம் போன திசை தவறு. 2018இல் வாடகையை இருமடங்காக உயர்த்தியதால் கலேரியா தெ லா ராசா அந்த முனையையே விட்டு வெளியேற நேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த இடம். ஒரு காலத்தில் சிகரெட்டும் மதுவும் விற்ற விளம்பரப் பலகையைக் கலைஞர்கள் கைப்பற்றி மக்கள் முகங்களை ஏற்றிய சுவர் அது. அதைப் பறித்தது அந்த இரண்டு பெண்களின் அணைப்போ திருநம்பியின் தழும்போ அல்ல. சாயம் தெளித்தவர்களும் தெளிக்கப்பட்டவர்களும் ஒரே வாடகைச் சீட்டின் கீழ் இருந்தார்கள். ‘நாங்கள்’ என்று பிரிந்து நின்றதால் எவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே, கேட்காமல் ஏற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது: இருப்பதற்கு அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ஏற்றிய பிறகு அங்கிருந்து போய்விடக் கூடாது. சுவரில் உரிமை என்பது ஒருமுறை வரைவதால் வருவதில்லை. அதன் அருகில் நின்று, கேட்கிறவருக்குப் பதில் சொல்லி, கெட்டபோது மறுபடி வரைவதால் வருகிறது. 1984இல் பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் மாரத்தான் நடந்ததைக் கொண்டாடிப் பாக்கா ஒரு நெடுஞ்சாலைச் சுவரில் வரைந்த ‘ஹிட்டிங் த வால்’ ஓவியத்தை, 2019இல் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆட்கள் வெள்ளையடித்துவிட்டார்கள். தீ வைத்தவனிடம் வெறுப்பு இருந்தது. இங்கே அதுகூட இல்லை, வெறும் சுத்தம் செய்யும் வேலை. பெண்கள் செய்தவை அழியும்போது பெரும்பாலும் இப்படித்தான் அழிகின்றன. எழுபதைத் தாண்டிய பாக்கா அதற்காகவும் போராட வேண்டியிருந்தது.

பெருஞ்சுவர் இன்றும் நிற்கிறது. 2017இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெயிலிலும் வாய்க்காலின் வெள்ளத்திலும் மங்கிய வண்ணங்களை 2011இல் மீட்டபோது, பதின்வயதில் வரைந்தவர்களில் சிலர் நடுவயதில் திரும்பி வந்து தூரிகை பிடித்தார்கள். பின்பு 1950களுக்கு அப்பால் சுவரை நீட்டும் வேலையும் தொடங்கியது.

மிஷனிலும் அந்த 2015 கோடையில், தீக்குப் பிறகு, ‘போர் வீதா’வை மறுபடி ஏற்றினார்கள். அக்கம்பக்கத்தார் சுவரின் முன் கூடி நின்றார்கள். படத்தில் இருந்த இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் திருநம்பியும் திரும்பி வந்தார்கள். திருத்தம் எதுவும் செய்யவில்லை. தழும்பை மறைக்கவில்லை. அப்படிக் கூடியவர்களில் எத்தனை பேர் முன்பு முகம் சுளித்தவர்கள் என்று கணக்கெடுக்க முடியாது. கணக்கெடுக்கவும் வேண்டாம். ஒருவர் மற்றவருக்காகச் சுவரின் முன் வந்து நின்ற அந்த மாலையில், அது நம் சுவராக இருந்தது.